புழுவின் வாசலைப் பார்த்த சிலந்தி

ஒரு காட்டுக் குளத்தில் காராயி என்ற எருமையும் அதன் கன்று சுழியனும் பொழுதெல்லாம் ஊறிக் கிடக்கும். சுழியன் என்றால் காராயிக்கு உயிர். அந்த உயிர்தான் இப்போது போய்க்கொண்டிருந்தது.

குளத்தோரப் புல்லோடு சேர்ந்து தட்டைப் புழுக்கள் கன்றின் வயிற்றுக்குள் போய்விட்டன. ஈரலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்தன. சுழியனின் தாடை வீங்கியது, விலா எலும்பு தெரிந்தது. பால் குடிக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

காராயியின் முதுகிலேயே குடித்தனம் நடத்தும் கொக்கு மார்தட்டியது. "உண்ணி பிடுங்குறதுல என்னை மிஞ்ச ஆள் உண்டா அக்கா? புழுவையும் பிடுங்கிடுறேன்!"

"அது ஈரல்ல இருக்குது தம்பி! உன் மூக்கு அதுவரைக்கும் நீளுமா?" என்று காராயி அழுதது.

கொக்கு தன் மூக்கை ஒருமுறை சாய்த்துப் பார்த்துக்கொண்டது.

அன்று சாணியோடு சில புழுக்கள் உயிருடன் வந்து விழுந்தன. நாணலில் குடியிருந்த சிலந்தி ஒன்று அவற்றை ஈர இலையில் தூக்கிப் போட்டது. எட்டுக் கண் இருக்கிற திமிர் அதற்குக் கொஞ்சம் உண்டு. ஆனால் அன்றைக்குக் குனிந்த தலை நிமிரவே இல்லை.

"அடேயப்பா! அடேயப்பா!"

"என் புள்ளை சாகுது, உனக்கு வேடிக்கையாடி?" என்று காராயி சீறியது.

"கோவிச்சுக்காதே அக்கா! இந்தப் புழு உடம்பு முழுக்க வாசல்! ஊசி முனைகூட நுழையாத வாசல்! கதவு திறந்தா உப்பு உள்ளே போகுது, உடம்பு இறுகுது. மூடினா தளருது. அப்படி இறுகித் தளர்ந்துதான் இது நகருது, ஒட்டுது, உறிஞ்சுது!"

இலையில் ஒட்டியிருந்த புழு ஒன்று தலையைத் தூக்கியது. "நல்லாப் பாத்துக்கோ! நான் ஒட்டிக்கிட்டா யானையே வந்து இழுத்தாலும் வரமாட்டேன்!"

"வாசலாவது, வாய்க்காலாவது!" என்று கொக்கு பறந்தது. அரளி விதையோடு திரும்பியது. அதை நசுக்கி ஒரு புழுவின்மேல் விட்டது. புழு துடித்துச் செத்தது.

"பாத்தியா! ஒரே போடு!"

"கொண்டா தம்பி, கொண்டா!" காராயி கன்றின் வாயைத் திறந்து பிடித்தது. சட்டென்று சிலந்தி சுழியனின் மூக்கின்மேல் குதித்தது.

"நிறுத்து! கன்னு உடம்புலயும் என் உடம்புலயும் இதே மாதிரி வாசல் இருக்குது! அதாலதான் கன்னோட நெஞ்சே துடிக்குது! அரளி அதையும் சேர்த்துக் கெடுத்துடும்!"

"அளக்காதே!" என்றது கொக்கு.

சிலந்தி வாதாடவில்லை. தன் கால் ஒன்றை அந்தச் சாற்றில் நனைத்தது. கால் சுருண்டது, தொங்கியது. அப்புறம் அது அசையவே இல்லை.

காராயி விதையை எட்டி உதைத்தது. "ஐயையோ! நானே என் புள்ளையைக் கொன்னிருப்பேனே!"

"அழாதே அக்கா. எல்லா வாசலும் ஒரே அச்சு இல்லை. புழுவுக்கு மட்டும்னு ஒரு வாசல் இருக்கணும். அதைத் திறக்கிற இலையைத் தேடுவோம்."

கொக்கு முதல் தடவையாக எதிர்ப்பேச்சுப் பேசாமல் பறந்து பறந்து இலை கொண்டுவந்தது. சிலந்தி ஒவ்வொரு சாற்றையும் புழுவின்மேல் விட்டது, பிறகு தன் காலிலும் தடவியது. சிலது எதற்கும் உதவவில்லை. சிலது காலை மரத்துப்போக வைத்தது. சுழியனின் தலை தரையில் சாய்ந்தது.

"சீக்கிரம்டி, என் ராசாத்தி!" என்று காராயி கெஞ்சியது.

கடைசியில் ஒரு கசப்புக் கொடி வந்தது. ஒரு சொட்டு விழுந்ததுதான் தாமதம், வாய்ச்சவடால் புழு அலறியது. "ஐயோ, என் கதவு! மூட மாட்டேங்குதே!"

உப்பு வெள்ளமாக உள்ளே போனது. புழு இறுகிக் குறுகியது. இறுகிய உடம்பு தளரவே இல்லை. பிடி விட்டுப்போய் இலையிலிருந்து உருண்டு விழுந்தது. சிலந்தி அதே சாற்றைத் தன் காலில் தடவியது. கால் ஜோராக ஆடியது!

சிலந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இத்தனூண்டு உடம்புக்குள்ள இத்தனை கதவு! அதுல ஒண்ணு மட்டும் இந்தக் கசப்புக்குத் திறக்குதே! யார் வச்ச கதவோ, அம்மாடி!"

கொக்கும் வாய் பிளந்து நின்றது.

காராயி கொடியை மென்று கன்றுக்கு ஊட்டியது. மறுநாள் சாணியில் புழுக்கள் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தன. சில நாளில் சுழியன் நடுங்கிக்கொண்டே எழுந்தது. தாயின் மடியை முட்டியது. பால் குடித்தது. கண்ணீர் வழிய, ஈ மொய்த்தும் வாலைக்கூட ஆட்டாமல் காராயி நின்றது.

எதிரியை அடிக்கக் கை ஓங்கும் முன் அவனை நிதானமாக உற்றுப் பாருங்கள். அப்போதுதான் நாம் காக்க நினைக்கும் உயிர் நம் அடியிலிருந்து தப்பும்.