ஓடைக்கரையில் பிள்ளைக் கொட்டகை

மலையடிவாரத்து மடம் ஒன்றில் வடிவம்மை என்ற குரு இருந்தார். வயது நாற்பது. அவருடைய சீடர் திருமலைக்கொழுந்துக்கு அறுபத்திரண்டு. வாய்க்கால் அளக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர். வீடு வாசலை விட்டுவிட்டார். அளவுகோலை மட்டும் விடவில்லை.

மடத்தை ஒட்டி ஓடும் ஓடையில் ஒரு மூங்கிலை நட்டு, அதில் கோடு கீறி, மூன்று வருடமாகத் தினமும் நீர்மட்டத்தை எழுதி வந்தார். காய்ச்சலில் படுத்த அன்றும் போர்வையோடு போய்ப் பார்த்து எழுதினார். நாலு நோட்டு நிறைந்துவிட்டது. அவற்றை யாராவது தொட்டால் அவருக்குப் பிடிக்காது.

ஓடைக்கரையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட சிற்றூர். பெண்கள் நடவுக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போக ஒரு கொட்டகை போடுவதென்று ஊர் கூடிப் பேசியிருந்தது. ஓடையோரச் சமதளத்தில் மண் இளகல். அரை நாளில் குழி தோண்டிவிடலாம். அதற்கு மேலே இருக்கும் மேடு முழுக்கப் பாறை.

கொட்டகைக்குக் கால் நடுவதற்கு முந்தின நாள் அந்த ஊர்ச் செவ்வந்தி மடத்துக்கு வந்தாள். இடுப்பில் இரண்டு வயது மகள்.

"கீழயே போடலாமா அம்மா? வெள்ளம் வந்தா எதுவரைக்கும் வரும்? இவளையும் சேர்த்துப் பதினோரு பிள்ளைங்க அதுல தூங்கும்."

குரு சீடரைப் பார்த்தார். இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று மூன்று வருடமாகக் காத்திருந்தவர் கொழுந்து. சந்தோஷம் தாங்காமல் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க, இடத்திலயே காட்டுதேன்."

மூவரும் போனார்கள். ஓடையில் அன்று தண்ணீர் கொஞ்சம்தான். ஒரு வாத்து நடந்தே அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மூணு வருசத்துல கரையைத் தாண்டிக் கணுக்கால் அளவு வந்திருக்கு. அதுவும் ஒரே ஒரு தடவை," என்றார் கொழுந்து. "ஒரு முழ உயரத்துல தரை போட்டாப் போதும். தாராளமாக் கட்டலாம்."

"அந்த மூணு வருசத்துக்கு முந்தி?" என்று கேட்டார் குரு.

"விசாரிச்சேன் அம்மா. ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. நோட்டுல ஏத்த முடியாத பேச்சு."

செவ்வந்தி சிரித்தாள். "எங்க வீட்டுலயே அப்படித்தான் சாமி. என் கல்யாணத்துக்கு முந்தி ஒரு வெள்ளம் வந்திருக்கு. மாமனார் முழங்கால் அளவுங்காவ. மாமியார் இடுப்பளவுங்காவ. ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல ஏறி நின்னவங்கதான்."

"பார்த்தீங்களா அம்மா? அதனாலதான் நான் சுவரைப் பார்த்தேன். சுவர் பொய் சொல்லாது. பன்னிரண்டு வீட்டுலயும் வெள்ளம் நின்ன கறை ஒண்ணு கிடையாது."

"பொங்கலுக்குப் பொங்கல் நாங்க வெள்ளை அடிச்சிருவோம்லா!"

குரு வாய்விட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துக் குழந்தையும் சிரித்தது. கொழுந்துக்கு வெட்கமாகப் போயிற்று. கொஞ்சம் கோபமும் வந்தது.

"சுவர் போனாப் போகட்டும். என் மூங்கில் இருக்கு. கட்டுங்க, நான் பொறுப்பு."

"சரி, கட்டட்டும்," என்றார் குரு. "மடத்துல கரையான் தொல்லை அதிகமாப் போச்சு. உங்க நோட்டு நாலையும் கொட்டகையில வச்சிருங்க ஐயா. பிள்ளைங்க பாய்க்குப் பக்கத்துல, தரையில."

"தரையிலயா?"

"ஏன்? தண்ணிதான் வராதே."

"வராது அம்மா. இருந்தாலும் மூணு வருச உழைப்பு. ஒரு தடவை நனைஞ்சாப் போச்சு, திரும்ப எழுத முடியுமா? ஒரு பலகை அடிச்சு மேல வச்சிருவோம்."

"எவ்வளவு உயரத்துல?"

கொழுந்து யோசிக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே கையை உயர்த்திக் காட்டினார். அவர் நல்ல உயரம். கை தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளி நின்றது.

செவ்வந்தியின் சிரிப்பு அடங்கிவிட்டது. மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். சீடரின் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பாறை மேட்டைப் பார்த்தாள்.

கொழுந்துக்கும் அப்போதுதான் உறைத்தது. மெதுவாகக் கையை இறக்கப் போனார்.

"இறக்கிராதீங்க ஐயா," என்றார் குரு. "செவ்வந்தி, நல்லாப் பார்த்துக்கோ. பிள்ளைங்க படுக்கிற தரை அந்த உயரத்துல வரணும்."