ஒன்றும் செய்யாதவள்

நாள் முழுக்கப் பிள்ளையோடு மல்லாடியவளிடம், "இன்றைக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டிருக்கிறீர்களா?

ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்வாள்.

கோயில்பிச்சையிடமும் உப்பளத்துப் பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

அவர் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சரித்திரம் படிக்க வந்தவர். நாற்பது வருடத்துக்கு முன்னால் நடந்த உப்பளப் போராட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். போராடியவர்களின் பெயரைத் தொழிலாளர் சங்கத்தார் கல்லில் வெட்டப் போகிறார்கள். பட்டியல் தர வேண்டியவர் அவர். கல் கொத்துகிறவர் நாளைக் காலை வருகிறார்.

அவருக்குப் பாடம் சொன்ன பிரகாசி டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாம் ஆம்பளைப் பேரா இருக்கே?"

"பொம்பளைங்க கலந்துக்கல டீச்சர். பதினாறு பேரைக் கேட்டாச்சு. ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லல."

"பதிவு பண்ணினதைப் போடுங்க."

போட்டார். முதலில் அவர் குரல்தான் வந்தது. "போராட்டத்தில் தாங்கள் கலந்துகொண்டீர்களா?"

ஒரு பெண்ணின் குரல். "நான் என்னத்தப் பண்ணுனேன்? தொட்டிலை ஆட்டிக்கிட்டுக் கிடந்தேன்."

டக்கென்று நின்றது.

"அப்புறம்?"

"நிறுத்திட்டேன் டீச்சர். போராட்டத்தைப் பத்தி அந்தம்மா ஒண்ணும் பேசலையே."

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார்.

அந்தம்மா பெயர் சண்முகக்கனி. தன் வீட்டு வாசலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். மறுபடியும் அதே கேள்விதானா? பதில் எனக்கு மனப்பாடம்."

டீச்சர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். தானும் கருவாட்டைத் திருப்பிப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்.

"தொட்டில் எங்கம்மா கட்டியிருந்தது?"

"ரோட்டுலதான்."

"ரோட்டுலயா?"

"அளத்துக்குப் போற பாதை. ரெண்டு பக்கமும் உடைமரம். இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் குறுக்கே கயித்தக் கட்டி, சேலையத் தொங்க விட்டோம். உப்பு ஏத்த வந்த லாரியெல்லாம் வரிசையா நின்னுபோச்சு. டிரைவரு இறங்கி வந்து எட்டிப் பார்த்தாரு. உள்ள பிள்ளை தூங்குது. தொட அவருக்குத் துணிச்சல் வரல."

"எத்தனை நாள்?"

"ஒன்பது நாள். அப்புறந்தான் முதலாளி பேச வந்தாரு."

கோயில்பிச்சை தள்ளிப் போய் நின்று போன் போட்டார். நாளைக்கு வர வேண்டாம் என்று கல் கொத்துகிறவரிடம் சொன்னார். திரும்பி வந்து பேனாவைத் திறந்தார்.

"என்ன எழுதுறீய?" என்று சிரித்தார் சண்முகக்கனி.

"உங்க பேரும்மா."

சண்முகக்கனியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பிள்ளை என்னுது இல்ல சார். எனக்கு அப்பக் கல்யாணமே ஆகல. அது இசக்கியம்மா பிள்ளை. விடியக்காலம் பால் குடுத்து, அவளே கொண்டாந்து தொட்டில்ல போடுவா. போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம நடந்துருவா. நின்னா தூக்கிக்கிட்டு ஓடிருவேன்னு சொல்லுவா. அவ செத்துப் பன்னிரண்டு வருசமாச்சு."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"அவ பேரை மேல எழுதுங்க சார். இடமிருந்தா என் பேரைக் கீழ போடுங்க."