குவியல் நாளில் வெடுக்கி கேட்ட கேள்வி

ஒரு காட்டில், பிள்ளைகளே, படிப்பை விற்றுப் பிழைக்கிற நரி ஒன்று இருந்தது. மலை உச்சியில் அதற்கு ஒரு கல்லூரி. வாசலில் பளிங்குக் கல், உள்ளே பூந்தோட்டம். மூன்று வருடப் படிப்பு. வருடத்துக்கு நாற்பது கூடை வள்ளிக்கிழங்கு கட்டணம். அந்தக் காட்டில் காசு கிடையாது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் கிழங்கில்தான்.

கீழே ஆற்றங்கரையில் இன்னொரு கல்லூரி இருந்தது. அது காட்டின் பொதுக் கல்லூரி. எல்லா விலங்குகளும் ஆளுக்கொரு பிடி கிழங்கு போட்டு நடத்துவது. மருத மரத்தடியில்தான் வகுப்பு. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். அங்கேயும் மூன்று வருடப் படிப்புதான், ஆனால் வருடத்துக்கு இரண்டே கூடை.

வெடுக்கி என்ற முள்ளம்பன்றிப் பெண்ணுக்கு வாய்க்கால் வெட்டும் வித்தை படிக்க ஆசை. அந்தப் படிப்பு இரண்டு இடத்திலும் இருந்தது. "நான் ஆற்றங்கரையிலேயே சேர்ந்துக்கறேன்ப்பா" என்றாள்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. பாவம், ஊர் வாய் என்றால் அவருக்கு அத்தனை பயம்.

"மரத்தடியிலயா? பக்கத்து முயல் வீட்டுப் பையன் மலைக்குப் போறான். நம்ம பொண்ணு சேத்துல உட்கார்ந்து படிச்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாற்பது கூடைக்கு எங்கே போவீங்க?"

"நரியார் கடன் தர்றாராம். நம்ம வளையை அடமானமா எழுதிக் கொடுத்தா போதுமாம்."

வெடுக்கிக்குப் பகீர் என்றது. அந்த வளையை விட்டால் அவர்களுக்கு ஒண்ட வேறு இடமில்லை. அப்பாவும் அம்மாவும் நகம் தேயத் தோண்டிய வளை. அதைப் போய் நரியின் கையில் கொடுப்பதா? அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மழைக்காலம் முடிந்ததும் மலைக் கல்லூரியில் 'குவியல் நாள்' என்று ஒன்று நடக்கும். அங்கே படித்தவர்கள் ஒரு வருடம் சம்பாதித்த கிழங்கை எல்லாம் பாறைமேல் குவித்து வைக்க வேண்டும். பெற்றோர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பிளந்த வாய் மூடுவதற்குள் நரி கடன் ஓலையை நீட்டிவிடும். கில்லாடி நரி!

அந்த வருடம் பாறைமேல் நின்றவன் தடியன் என்ற காட்டுப்பன்றி. வாய்க்கால் படிப்பு முடித்தவன். தோளில் பட்டு நாடா, பக்கத்தில் மலைபோல் கிழங்கு.

"பாருங்க, நல்லாப் பாருங்க! முப்பது கூடை!" என்று நரி கூவியது. "அதே வாய்க்கால் படிப்பை ஆற்றங்கரையில படிச்ச நீர்நாய் இங்கேதான் நிக்குது. என்னம்மா, நீ வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறே?"

"இருபத்திரண்டு கூடை" என்றாள் நீர்நாய் அக்கா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெடுக்கியின் அப்பா கைநாட்டு வைக்கச் செம்மண் குழம்பில் கையைத் தோய்த்துவிட்டார்.

ஆனால் வெடுக்கி குவியலைப் பார்க்கவில்லை. தடியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டு நாடாவுக்குக் கீழே அவன் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. முப்பது கூடை சம்பாதிக்கிறவன் இப்படியா இருப்பான்? இதில் ஏதோ இருக்கிறது!

சிலிர்த்த முள்ளோடு அவள் பாறைமேல் ஏறினாள்.

"தடியன் அண்ணே, இந்த முப்பதும் உங்க வீட்டுக்குத்தான் போகுமா?"

தடியன் நரியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"சின்னப் பொண்ணுக்குச் சபையில என்ன பேச்சு? இறங்கு கீழே!" என்று நரி சீறியது.

"அடமானம் போகப்போறது எங்க வளை. நான் கேட்பேன். இறங்க மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து, கிழங்கு சுமக்கும் கழுதை வந்து சேர்ந்தது. அதற்குப் பொய் சொல்லவும் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது.

"என்ன, இன்னும் முடியலையா? வழக்கம்போல இருபத்துநாலு கூடை நரியார் குகைக்கு, ஆறு கூடை தடியன் வீட்டுக்கு. அப்படித்தானே? இருட்டுறதுக்குள்ள ஏத்துங்கப்பா!"

கூட்டம் முழுக்கத் தடியன் பக்கம் திரும்பியது.

"கடன் தீர எத்தனை வருஷம் அண்ணே?" என்று வெடுக்கி கேட்டாள்.

"ஏழு" என்றான் தடியன், தலையைத் தூக்காமலே.

"ஏழு வருஷம்தானே!" என்று நரி குதித்தது. "அப்புறம் முப்பதும் அவனுக்கே!"

"அடடா, தாராளம்! ஏழு வருஷத்துல அண்ணன் வீட்டுக்கு வர்றது நாற்பத்திரண்டு. நீர்நாய் அக்காவுக்கு நூற்றைம்பத்துநாலு. அக்கா கட்டின கட்டணம் ஆறைக் கழிச்சாலும் அண்ணன் நூற்றாறு கூடை பின்னாடி நிக்கிறார். அப்புறம் வருஷத்துக்கு எட்டு கூடை அதிகமா வாங்கி அக்காவை எட்டிப்பிடிக்க இன்னும் பதிமூணு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் பட்டு நாடாவையா சாப்பிடுவார்?"

நரி குவியலை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

"அப்போ படிக்கவே வேண்டாமா?" என்றார் அப்பா பரிதாபமாக.

"யார்ப்பா அப்படிச் சொன்னா? படிக்காம நான் கிழங்கு தோண்டினா வருஷத்துக்குப் பத்து கூடை. படிக்கிற மூணு வருஷமும் அது போச்சு, முப்பது. ஆற்றங்கரைக் கட்டணம் ஆறு. ஆக மொத்தம் முப்பத்தாறு கூடை செலவு. படிச்சு முடிச்சா இருபத்திரண்டு, அதாவது இப்போ கிடைக்கிறதைவிடப் பன்னிரண்டு அதிகம். மூணே வருஷத்துல போட்டது திரும்பிடும். அப்புறம் வர்றதெல்லாம் நமக்கு. நம்ம வளையும் நமக்கு!"

அப்பா தன் செம்மண் கையைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். பிறகு கையை நரியின் பளிங்குக் கல்லிலேயே நன்றாகத் துடைத்துவிட்டு மகள் பக்கம் வந்து நின்றார். பின்னால் முயலும் தன் பையனை இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

நரிக்கு வயிறு எரிந்தது. "போ, போ! மரத்தடியில படிச்சவளை இந்தக் காட்டுல எவன் மதிப்பான்னு பார்க்கிறேன்!" என்று கத்தியது.

வெடுக்கி திரும்பினாள். அவள் முள் ஒன்றுகூடத் தாழவில்லை.

"மதிக்காதவன் மதிக்காமலே இருக்கட்டும். நான் வெட்டுற வாய்க்கால்ல தண்ணி வரும். அவனும் வந்து குடிப்பான், நீங்களும் வந்து குடிப்பீங்க!"

மறுநாள் காலையில் அவள் இரண்டு கூடைக் கிழங்கைத் தானே சுமந்து போய் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு, மருத மரத்தடியில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

நீதி: ஒரு படிப்பு எவ்வளவு சம்பாதித்துத் தரும் என்று மட்டும் பார்க்காதே, அதற்கான செலவு போகக் கையில் எவ்வளவு நிற்கும் என்றும் கேள்.