இருளாயி அம்மையார் இட்ட குலவை

"எனக்கு என்ன சீக்குன்னு எங்கிட்டச் சொல்லுங்க டாக்டரம்மா. எந்தம்பிகிட்ட இல்ல."

இப்படிக் கேட்கவே கூடாது என்று தம்பி சேவுகன் வழியெல்லாம் சொல்லித்தான் மதுரைக்கு அழைத்து வந்திருந்தார். இருளாயி அம்மையார் கேட்டுவிட்டார்.

அம்மையாரின் தொழில், பேருந்து நிலையத்து ஓட்டலில் எச்சில் இலை எடுப்பது. தொண்டு, செல்லியம்மனுக்குக் குலவை இடுவது. விடியலில் கோயில் விளக்கு எரிந்ததும் வாசலுக்கு வெளியே நின்று நாக்கைச் சுழற்றி ஒரு குலவை, பிறகுதான் வேலை. இலை எடுக்கிற கையோடு உள்ளே வரலாமா என்று நிர்வாகிகள் முகம் சுளித்ததால்தான் அந்த வெளிவாசல். அவர் எடுத்த இலைகளில் அந்த நிர்வாகிகள் தின்றவையும் உண்டு.

ஒருநாள் அவருடைய கீழுதடும் முகவாயும் மரத்துப்போயின. தேநீர் வடிவதுகூடத் தெரியவில்லை.

"ஆத்தா, வாயில குழா உடைஞ்சிருக்கு. பிளம்பரைக் கூப்பிடவா?" என்றார் பரோட்டா மாஸ்டர்.

"கூப்பிடுய்யா. உன் சால்னாவையும் அவனே பாக்கட்டும். அதுவும் தண்ணியாத்தான் ஓடுது."

பிறகு தாடையில் வலியும் சேர்ந்தது. பல் கோளாறு என்று ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை, தாடை வீங்கியது. குலவை பாதியில் காற்றாய்ப் போனது. அம்மையார் ஒருநாளும் நிறுத்தவில்லை.

மதுரை மருத்துவர் சற்று யோசித்து, அவரிடமே சொன்னார். "இது தாடையில பொறந்த நோய் இல்லம்மா. மார்புல கட்டி இருக்குல்ல, அந்தப் புற்றுநோய்தான் தாடை எலும்புக்குப் பரவியிருக்கு. முழுசா போக்க முடியாது. மாத்திரை குடுத்து, கரண்டுன்னு சொல்ற கதிர்வீச்சும் வச்சா அடக்கி வைக்கலாம், வலி கொறையும். கொஞ்ச நாள் வாய் புண்ணாகும்."

"குலவை போட முடியுமா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா."

அந்தக் கட்டியை இரண்டு ஆண்டுகள் ரவிக்கைக்குள் மறைத்து வைத்திருந்தார். வெளியில் சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தோடு அவர் பிறக்கவில்லை, நாம்தான் ஊட்டினோம்.

பால்குடத்தன்று காலை அம்மையார் வழக்கமான இடத்தில் நின்றார். "கோணவாய்க் குலவை வேணாம், அபசகுனம்" என்றாள் நிர்வாகி வீட்டுப் பெண் ஒருத்தி. அவர் வாயை மூடிக்கொண்டார். மற்ற பெண்கள் குலவை இட்டார்கள். அருள் வந்து ஆடிவந்த சாமியாடி வாசலிலேயே நின்றுவிட்டார். மறுபடியும் குலவை இட்டார்கள். அவர் நகரவில்லை.

"தெனமும் என்னைய எழுப்புறவ எங்கடி? அவ கூப்பிடாம உள்ள வரமாட்டேன்."

கூட்டம் விலகியது. அம்மையார் வாய் திறந்தார். கோணலாய், எச்சில் தெறிக்க, பாதி காற்றாய் வந்தது குலவை. சாமியாடி படி ஏறினார்.

சேவுகன் கண்ணைத் துடைத்தார். "அக்கா, ஆத்தாளே கேட்டுட்டா. இனிமே கரண்டு எதுக்கு? அவ பாத்துக்குவா."

நிர்வாகியும் தலையாட்டினார்.

"எங்கொலவை அவளுக்குக் கேட்டுச்சு. எனக்கு அது போதும்டா. தாடைய டாக்டரம்மா பாக்கட்டும்."

மருத்துவமனைச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல், நிறைந்த மனத்தோடு மதுரைப் பேருந்துக்கு நடந்தார். தெய்வத்தையே வாசலில் காக்க வைத்த அந்த அன்பர் நடந்து போன திசைக்கு நம் வணக்கம்.