பனி பார்க்கப் போன எருமைக் குடும்பம்

மலையடிவாரத்துக் குளம் ஒன்றில் ஓர் எருமைக் குடும்பம் வாழ்ந்தது. அப்பா கொம்பையன், அம்மா காரி, அவர்களுடைய ஒரே கன்று சிமிட்டி.

அந்தக் குளத்துக்கு ஆண்டுதோறும் வடக்கே உள்ள பனிமலையிலிருந்து ஒரு வாலாட்டிக் குருவி வரும். காரியின் முதுகில் ஏறி உட்கார்ந்து ஊர்க்கதை பேசும். தை மாதம் ஒருநாள் அது, "அக்கா, இப்பத்தான் நம்ம மலை உச்சிக்குப் போயிட்டு வர்றேன். அங்கே உறைபனி விழுது! புல்லெல்லாம் உப்பைக் கொட்டினாப்போல வெள்ளை வெளேர்னு கிடக்கு!" என்றது.

அவ்வளவுதான். சிமிட்டி மேய்வதை விட்டுவிட்டாள்.

"எனக்குப் பனி பார்க்கணும்!"

"கோடையிலே பார்க்கலாம்டி."

"கோடையிலே ஏதும்மா பனி? இப்பவே பார்க்கணும்!"

மூன்று நாள் இதே பாட்டு. நாலாம் நாள் கொம்பையன், "சரி, கிளம்புவோம்! நல்லா யோசனை கேட்டுத்தான் கிளம்பணும்" என்று குளத்து ஆமையிடம் போனான். ஆமைக்கு வயது அதிகம். ஆனால் குளத்தைத் தாண்டி ஓரடி போனதில்லை.

ஆமை கழுத்தை நீட்டி யோசித்தது. "வெள்ளையா இருக்குன்னா அது சுடும் கொம்பையா! சுண்ணாம்பு வெள்ளைதானே? தண்ணி பட்டா எப்படிக் கொதிக்குது!"

"ஆமா, ஆமா! கொதிக்குது, கொதிக்குது!" என்று பக்கத்திலிருந்த தவளை ஒத்து ஊதியது. அதுவும் குளத்தைத் தாண்டியதில்லை.

"அப்போ என்ன பண்ணணும்?"

"சேறுதான்! உச்சிக்கு ஏறும் முன்னாடி உடம்பு முழுக்கச் சேறு பூசிக்கோ. சூடு அண்டாது."

கொம்பையனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கே கிளம்பினாலும் சேற்றில் நாலு புரள் புரண்டுவிட்டுக் கிளம்புவதுதான் எருமைகளின் வழக்கம்.

வாலாட்டி பதறியது. "ஐயோ மாமா! அங்கே குளிர் எலும்புக்குள்ளே போகும். ஈரச் சேறு உடம்பிலேயே உறைஞ்சிடும். காய்ஞ்ச வைக்கோல் எடுத்துக்கோங்க. வெயில் வர்றதுக்குள்ளே உச்சிக்குப் போயிடணும். அப்புறம் பனி இருக்காது."

கொம்பையன் சிரித்தான். "என் காது அளவுகூட இல்லை, நீ எனக்கு வழி சொல்றியா?"

காரி இரண்டு கட்டு வைக்கோலை முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

"எதுக்கு இந்தச் சுமை?"

"பசிச்சா தின்னலாம், குளிர்ந்தா போர்த்தலாம். உங்க முதுகிலேயா ஏத்தினேன்? நடங்க!"

வாலாட்டியும் சிமிட்டியின் தலையில் ஏறிக்கொண்டது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு லாரிகள் ஹாரன் அடித்தன. கொம்பையன் ஒன்றுக்கும் வழி விடவில்லை. சிமிட்டி பத்து அடிக்கு ஒரு தடவை, "வந்தாச்சாம்மா?" என்றாள். இரவு பாதிவழியில் ஓர் ஓடையோரம் தங்கினார்கள்.

விடியும் முன்பே காரி எல்லோரையும் எழுப்பினாள். பார்த்தால், கொம்பையன் ஓடைச் சேற்றில் கிடக்கிறான்!

"சிமிட்டி, வாடி! நீயும் வந்து ஒரு புரள் புரளு!"

"அவ வரமாட்டா!" காரி கன்றின் குறுக்கே போய் நின்றாள். "நீங்க என்னவோ பண்ணிக்கோங்க. பிள்ளை மேலே ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது."

கொம்பையன் சேறு சொட்டச் சொட்ட முன்னால் நடந்தான். முதல் வளைவில் பாடினான். இரண்டாம் வளைவில் பாட்டு நின்றது. மூன்றாம் வளைவில் பற்கள் தந்தியடித்தன. உச்சிக்கு இன்னும் இரண்டே வளைவு இருக்கும்போது, கால்கள் மடங்கி ஓரமாகப் படுத்துவிட்டான். மேலிருந்த சேறு ஓடுபோல விறைத்திருந்தது.

கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது.

"நீங்க போங்க" என்றான் கொம்பையன், பல்லைக் கடித்தபடி. "பிள்ளை... பனியைப் பார்க்கட்டும்."

சிமிட்டி உச்சியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து, அப்பாவின் கழுத்துச் சேற்றைத் தன் நெற்றியால் முட்டி முட்டி உடைக்கத் தொடங்கினாள்.

கொம்பையனின் கண்கள் கலங்கின. "குருவி, இப்ப நான் என்ன பண்ணணும்? நீயே சொல்லும்மா."

"படுக்கக் கூடாது மாமா, எழுந்திருங்க! அக்கா, வைக்கோல்லே ஒரு கட்டைப் பிரிச்சு அழுத்தித் தேய்ங்க. இன்னொரு கட்டை மேலே போர்த்துங்க. இப்ப நடங்க, நிக்காம நடங்க!"

காரி தேய்த்த தேய்ப்பில் சேறு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "மெதுவாடி, தோலும் வந்துடும்போல!" என்று கொம்பையன் கத்தினான். கத்த முடிந்ததே, அதுவே நல்லது என்று அவள் இன்னும் அழுத்தினாள். கொம்பையன் எழுந்தான். வைக்கோல் போர்த்திய உருவத்தோடு உச்சியை அடைந்தான்.

அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. புல்வெளி முழுக்க வெறும் ஈரம். பொட்டுப் பனி இல்லை.

சிமிட்டியின் உதடு பிதுங்கியது.

"என்னாலே வந்தது" என்றான் கொம்பையன். பிறகு குருவியிடம் திரும்பினான். "தாயி, வேறே எங்கேயாவது மிச்சம் இருக்குமா? நீ சொன்ன பக்கம் வர்றேன்."

வாலாட்டி பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தது. "அந்தப் பாறைக்கு மேற்கே வெயில் இன்னும் படலை. ஓடுங்க!"

நாலு பேரும் ஓடினார்கள். பாறை நிழலில், நாலு பாய் விரித்த அளவுக்கு, பனி வெள்ளை வெளேர் என்று மின்னியது. மிதித்தால் நொறுநொறுவென்றது. சிமிட்டி ஒரு நக்கு நக்கினாள். கண்கள் அகன்றன.

"அம்மா! என் நாக்கைக் காணோம்!"

"வாயிலேதான் இருக்கு, மூடுடி!"

சிமிட்டி சிரித்தாள். நிழல் சுருங்கிக் கடைசிப் புல்லும் பச்சையாகும்வரை குதித்தாள். அப்புறம் கொம்பையன் குருவியின் முன்னால் தலையைத் தாழ்த்தி நின்றான்.

"என் தலையிலே ஏறி உட்காரு தாயி. இறங்கறப்போ எந்தப் பக்கம் திரும்பணும்னு சொல்லு."

தெரியாத இடத்துக்குக் கிளம்பும்போது, யார் பெரியவர் என்று பார்க்காமல், யார் அங்கே போய் வந்தவர் என்று பார்த்து யோசனை கேட்க வேண்டும்.