எட்டெழுத்துக் கடவுச்சொல்

வல்லாரங்குளம் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் பூமயில், சேர்மக்கனி, இசக்கி, தவசி என்று நாலு பேர். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். பிள்ளைகளிடம் இதைவிட ஆபத்தான குணம் கிடையாது என்பதைக் கம்ப்யூட்டர் சார் ஞானசிகாமணி பிற்பாடுதான் தெரிந்துகொண்டார்.

மூன்று வருஷம் மனு எழுதி வாங்கிய ஒரே கம்ப்யூட்டர். சாருக்கு அதன்மேல் உயிர். வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரியம்மா வருகிறார்; பிள்ளைகளே டைப் செய்த பக்கத்தைக் காட்டாவிட்டால் கம்ப்யூட்டர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விடும். இந்த நேரம் பார்த்து சாருக்கு வெளியூரில் இரண்டு நாள் பயிற்சி.

"பக்கத்தை அடிச்சு, கடவுச்சொல் போட்டுப் பூட்டிருங்க. அது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

நால்வரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஒருத்தருக்கும்னா, நமக்கும்தானல?" என்றான் இசக்கி.

"பின்ன? நாம மட்டும் ஆளு இல்லியா?" என்றாள் பூமயில்.

ஆகவே ஆளுக்கு இரண்டு எழுத்து அடிப்பது, அப்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்து நிற்பது என்று ஏற்பாடு. எட்டு எழுத்தும் ஏறியது. முழுசாக ஒருத்தருக்கும் தெரியாது. நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள்தான் பக்கத்தில் பள்ளியின் பெயரைப் போடாதது ஞாபகம் வந்தது. தவசியோ அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டான். போன் போட்டார்கள்.

"உன் ரெண்டு எழுத்தைச் சொல்லுல."

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு சார் சொல்லலியா?"

"எங்களுக்குமா?"

"நீங்க ஆளு இல்லியா?"

போனை வைத்துவிட்டார்கள். இப்படியொரு நேர்மையா என்று பூமயிலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அவனக் கூட்டிட்டு வந்துருவோமா?" என்றாள் சேர்மக்கனி.

"லீவு லெட்டர் குடுத்திருக்கானே! கம்ப்யூட்டர் லீவு லெட்டர் குடுக்கலல்லா?" என்றான் இசக்கி.

கம்ப்யூட்டரை பஸ்ஸில் ஏற்றிக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். சமையற்கட்டில் கிரைண்டரைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரைச் சொருகினார்கள். தவசி அடிக்கும்போது சமையல்காரர்கள் உட்பட அத்தனை பேரையும் சுவரைப் பார்க்க வைத்தார்கள். பாயசம் அடிப்பிடித்தது அப்போதுதான். பள்ளியின் பெயரைப் போட்டு, மறுபடி பூட்டித் தூக்கிவந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா வந்து, "திறங்க" என்றார். மூவரும் ஆளுக்கு இரண்டு எழுத்து அடித்துவிட்டு, "மிச்சம் தவசிதான் சார்" என்று விலகி நின்றார்கள்.

"தவசி எங்கல?" என்று பதறினார் சார்.

"கேட்டுக்கு வெளிய நிக்கான் சார். இன்னைக்கு வரைக்கும் லீவு" என்றான் இசக்கி.

அதிகாரியம்மா எட்டிப் பார்த்தார். வேட்டி சட்டையில் நின்றிருந்த தவசி மரியாதையாக ஒரு கும்பிடு போட்டான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை வருவேன். இந்தப் பள்ளிக்கூடத்துல எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கடவுச்சொல் தெரிஞ்சிருக்கணும். இல்லன்னா கம்ப்யூட்டர் அன்னைக்கே வண்டியில ஏறிரும்."

அவர் போனதும் சார் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "உங்களக் கும்பிடுதேன்ல. எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துருங்க."

திங்கள் காலை சார் வருவதற்கு முன்பே நால்வரும் வரிசையாக அடித்தார்கள். எட்டாவது எழுத்து விழுந்ததும் நாலு பேருமாகத் திரையை உற்றுப் பார்த்து, நோட்டில் எழுதி, சரிபார்த்தார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எல்லாருக்கும் மனப்பாடம் செய்துவைத்தார்கள்.

அதிகாரியம்மா வந்தார். இருப்பதிலேயே சின்னவளான ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு, "கடவுச்சொல் என்னம்மா?" என்றார். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கணீரென்று ஒப்பித்தது:

"புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி."

ஒன்றுகூடக் குறையவில்லை. சார் தூணைப் பிடித்துக்கொண்டார்.

பூமயிலுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாக்காமலே எழுதியும் காட்டுவா, மேடம்" என்றாள்.