ஓடைக்குறிச்சிக்காரர்கள் செண்பகத்துக்கு வண்டி கொடுத்த விதம்

ஓடைக்குறிச்சிக்காரர்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. சொன்னால் சொன்னபடி செய்வார்கள். அது ஒன்றுதான் அவர்களிடம் உள்ள தொந்தரவு.

அந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில், 'கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரவும்' என்று ஒரு கிளார்க் எழுதி ஒட்டிவிட்டு மாற்றலாகிப் போனார். கதவோ பகலெல்லாம் திறந்தே கிடக்கும். அதனால் வருகிறவர்கள் முதலில் கதவை இழுத்துச் சாத்துவார்கள், அப்புறம் தட்டுவார்கள், அப்புறம் திறந்துகொண்டு உள்ளே போவார்கள். வெளியே வருவதற்கு ஒன்றும் எழுதிப் போடவில்லையே என்று சிலர் சாயங்காலம் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து ஊரில் சொல்கிறார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம்.

இந்த ஊரில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு வாழைத்தோட்டம், ஒரு பழைய மோட்டார் சைக்கிள், செண்பகம் என்று ஒரே மகள். மகள் டவுன் காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஓடைப் பாலத்தில் விரிசல் விழுந்துவிட்டது, பெரிய வண்டிகள் போகக் கூடாது என்று சொல்லிக் காலைப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பாலத்தை நடந்து கடந்து, அந்தப் பக்கம் வேறு பஸ் பிடித்து அவள் போய்ச் சேரும்போது முதல் வகுப்பு முடிந்திருக்கும். வருகைப்பதிவு குறைந்துகொண்டே வந்தது. இன்னும் குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால், படித்தது போதும் என்று அவள் அம்மா இசக்கியம்மாள் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

செண்பகத்துக்குப் பதினெட்டு வயது முடிந்து, லைசென்சும் எடுத்தாயிற்று. அத்தை ஊரில் இருந்தபோது நன்றாக ஓட்டப் பழகியிருந்தாள். தினமும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள்.

ஆவுடையப்பனுக்கு மகள் என்றால் உயிர். நெடுஞ்சாலை முக்கில் யாரோ பெற்ற பையன் ஒருவன் வண்டியோடு விழுந்து கிடந்ததை அவர் ஒரு தடவை பார்த்திருந்தார். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் சரி என்று சொல்ல மனம் வரவில்லை. மகள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாயும் வரவில்லை. நேரே கோமதிநாயகத்தின் டீக்கடைக்குப் போனார். ஊரில் யோசனை கிடைக்கிற இடம் அதுதான். அங்கே பிச்சையாவும் இருந்தார். பிச்சையாவிடமும் ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. அதை ஓட்டத் துடிக்கிற, பத்தாவது படிக்கிற மகனும் உண்டு.

பெற்ற பிள்ளைகளை மோட்டார் சைக்கிள் ஓட்ட விடலாமா கூடாதா என்று மூவரும் ஆற அமர யோசித்தார்கள்.

"அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவங்களை எங்கயிருந்து தூக்குதாவ? வண்டியிலிருந்தா தூக்குதாவ?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"இல்ல அண்ணாச்சி, தரையிலிருந்துதான்" என்றார் பிச்சையா.

"அப்ப வண்டியில இருக்கிற வரைக்கும் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. ஆபத்து பூரா தரையிலதான் இருக்கு."

ஆவுடையப்பனுக்கு இது நியாயமாகப் பட்டது. ஆனால் தரையை என்ன செய்வது என்று யாருக்கும் பிடிபடவில்லை. போலீஸ்காரரையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் மூவரும் டவுன் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பிச்சையா மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அங்கேதான் வினை வந்தது. இன்ஸ்பெக்டர் ஞானதிரவியம் ஜீப்பில் ஏறப் போகிற அவசரத்தில் இருந்தார். பிள்ளைகளுக்கு வண்டி கொடுக்கலாமா என்று இவர்கள் கேட்டதும், மீசை அரும்பாத அந்தப் பையனை ஒரு பார்வை பார்த்தார்.

"சாவி எப்பவும் பெத்தவங்க கையிலதான் இருக்கணும். பிள்ளை கையில கொடுத்தீங்கன்னா உங்களைத் தூக்கி உள்ள வைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மூவரும் அதையே யோசித்தார்கள். ஓட்டக் கூடாது என்று ஐயா சொல்லவில்லை. சாவி பெற்றவர் கையில் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் சாவி வண்டியில் இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. ஆக, சாவி ஒரே நேரத்தில் ஆவுடையப்பனிடமும் இருக்க வேண்டும், வண்டியிலும் இருக்க வேண்டும். கோமதிநாயகம் இதை விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

"கயிறு கட்டிருவோம்" என்றார் பிச்சையா.

அன்றைக்கு ஓடைக்குறிச்சியில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் இறைக்கவில்லை. எல்லாக் கிணற்றுக் கயிறுகளையும் அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்தார்கள். ஒரு நுனியைச் சாவியில் கட்டினார்கள், மறு நுனியை ஆவுடையப்பனின் அரைஞாண் கயிற்றில் கட்டினார்கள். மறுநாள் காலையில் செண்பகம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சொன்னவர் இன்ஸ்பெக்டர் என்பதால் அவள் பேச்சு எடுபடவில்லை. காலேஜுக்கு நேரமாகிறது என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

ஆவுடையப்பன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, காற்றாடிக்கு நூல் விடுகிற மாதிரி கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார். கயிறு தெருவைத் தாண்டியது, தெருமுக்கில் ஒரு வெள்ளாட்டைச் சுற்றி வளைத்தது, பால்காரரின் கேனைக் கவிழ்த்தது, மெயின் ரோட்டுக்கும் போய்விட்டது. அங்கே கயிறு தீர்ந்தது. பழைய வண்டி, சாவித் துவாரம் தேய்ந்து போனது. வெடுக்கென்று சாவி பிடுங்கிக்கொண்டு வர, வண்டி நின்றுவிட்டது.

ஆவுடையப்பன் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி இழுத்துச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். ஊரார் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள். என்ன ஆனாலும் சாவி பெற்றவன் கைக்கே வந்துவிடுகிறது, போலீஸ்காரர் சும்மா சொல்லவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மெயின் ரோட்டிலிருந்து செண்பகம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வியர்வையில் நனைந்திருந்தாள். அன்றைக்கு அவள் காலேஜ் போகவில்லை.

அத்தனை கயிறும் முழுதாகத் திரும்பி வரவில்லை. சாவி முடிச்சுக்கு அப்பால் மிச்சமாகத் தொங்கிய ஒரு துண்டு, வெடுக்கென்று இழுத்ததில் அறுந்து மெயின் ரோட்டிலேயே கிடந்தது. அது இன்ஸ்பெக்டரின் ஜீப் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி ஊருக்குள் வந்தார். என்ன நடந்தது என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ மெயின் ரோட்டில் வண்டி ஓட்டிப் பழகுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"பழகுற பிள்ளையை ரோட்டுப் பக்கம் விடாதீங்க. வீட்டு முன்னாடி, உங்க கண் முன்னாடி ஓட்டட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் மோட்டார் சைக்கிளைத் தம் வீட்டு முன்னால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். எதிரே ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். செண்பகம் புத்தகப் பையோடு வந்ததும், ஏறி ஓட்டச் சொன்னார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டு நின்றாள். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கோமதிநாயகம் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, எதிரே லாரி ஒன்றும் இல்லை, தைரியமாகப் போகலாம் என்றார். டவுனுக்குப் போய்ச் சேருகிற அளவு நேரம் ஆனதும் ஆவுடையப்பன் கை காட்டி நிறுத்தச் சொன்னார்.

"காலேஜ் வந்துட்டு. இறங்கும்மா."

செண்பகம் சுற்றிலும் பார்த்தாள். முந்தின நாள் கயிற்றில் மாட்டிய வெள்ளாடு நின்றது.

"வாத்தியார் எங்கப்பா?"

"அவரு இன்னும் வரலைன்னா அதுக்கு நாம என்ன செய்ய?" என்றார் ஆவுடையப்பன். பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தும் வாத்தியார் வராத காலேஜ் என்ன காலேஜ் என்று அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

செண்பகம் வண்டியை விட்டு இறங்கினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நாளையிலிருந்து ஒரு நாள் வராவிட்டாலும் பரீட்சை எழுத முடியாது என்று காலேஜிலிருந்து போன் வந்திருந்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நடந்தும் பஸ் ஏறியும் ஸ்டேஷனுக்கே போய், இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். கயிறு எதற்கு என்று புரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவளை ஜீப்பிலேயே கூட்டிக்கொண்டு ஓடைக்குறிச்சிக்கு வந்து ஊரைக் கூட்டினார்.

"நான் சொன்னது சின்னப் பையங்களுக்கு. இந்தப் பிள்ளைக்கு வயசு இருக்கு, லைசென்ஸ் இருக்கு, ஹெல்மெட் போட்டுத்தான் ஓட்டுவேங்கா. உங்க ஊருலயே விவரமான ஆளு இவதான். இவகிட்ட கண்ணை மூடிக்கிட்டு வண்டியைக் கொடுக்கலாம்."

அவர் போன பிறகு ஊரார் டீக்கடை முன்னால் கூடினார்கள். பெரிய உத்தரவு. கோமதிநாயகம்தான் அதை முதலில் எடுத்தார்.

"மூடச் சொன்னாரு, சரி. எப்பத் திறக்கணும்னு கேட்டியளா?"

யாரும் கேட்கவில்லை. பிள்ளை வீடு வந்து சேருகிற வரைக்கும் என்றுதான் அதற்கு அர்த்தமாக இருக்க வேண்டும் என்றார் பிச்சையா. பெற்றவர்கள் மட்டும் மூடினால் போதுமா என்று இசக்கியம்மாள் கேட்டாள். இன்ஸ்பெக்டர் எல்லாரையும் பார்த்துத்தான் சொன்னார், அதனால் எல்லாரும்தான் மூட வேண்டும் என்று தீர்ந்தது.

செண்பகம் அதற்கப்புறம் ஒரு நாளும் தவறாமல் காலேஜ் போனாள். அவள் போய் வருகிற வரைக்கும் ஓடைக்குறிச்சி கண்ணை மூடியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அவள் கிளம்பிய பிறகுதான் மூடுவார்கள். சாயங்காலம் ஊர் எல்லையில் அவள் அடிக்கிற ஹாரன் கேட்டதும் திறந்துவிடுவார்கள். உத்தரவுக்கு இது பொருந்துமா என்று கோமதிநாயகத்துக்கு மட்டும் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

பரீட்சை நாளன்று அவள் கிளம்பியதும் வழக்கம்போல எல்லாரும் கண்ணை மூடினார்கள். கோமதிநாயகம் ஊற்றிய டீ பிச்சையாவின் மடியில் விழுந்தது. சூடு சரியாக இருக்கிறது என்றார் பிச்சையா. இசக்கியம்மாள் கோழிக்கு வைக்க வேண்டிய தவிட்டைக் கணவருக்கும், கணவருக்கு வைக்க வேண்டிய சோற்றைக் கோழிக்கும் வைத்தாள். ஆவுடையப்பன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கோழிகளும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிச்சையாவின் மகன், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். சாவியை யாரும் அவன் கையில் கொடுக்கவில்லை. அவன் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் பறந்தான். ஹாரன் ஊர் எல்லையில் கேட்காமல் தெருவுக்குள்ளேயே கேட்டதால், டீக்கடையில் எல்லாரும் கண்ணை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"செண்பகம் என்ன அழகா ஓட்டுதா, பாத்தியளா?" என்றார் பிச்சையா.

"பாக்கக் கூடாது வே" என்றார் கோமதிநாயகம்.

சற்று நேரத்தில் படாரென்று ஒரு சத்தம். பையன் வைக்கோல் போரில் போய்ச் செருகியிருந்தான். எங்கேயோ என்னமோ விழுந்த மாதிரி இருக்கிறதே என்று யாரோ சொன்னார். நாம் கண்ணை மூடியிருக்கிறோம், நமக்கு அது தெரியக் கூடாது என்று பிச்சையா பதில் சொன்னார். பையன் எழுந்து வைக்கோலைத் தட்டிவிட்டு, வண்டியை முன்பு நின்ற இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினான்.

ஆனால் இதனால் ஒரு சிக்கல் வந்துவிட்டது. அத்தனை தடவை ஹாரன் கேட்டும் செண்பகம் வீடு வந்து சேரவில்லை என்பதால், ஹாரன் சத்தத்தை இனி நம்ப முடியாது என்று ஆகிவிட்டது. அதனால் சாயங்காலம் செண்பகம் ஹாரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றவர்களையும், சுவரைத் தடவிக்கொண்டு போனவர்களையும் பார்த்துக்கொண்டே அவள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"எப்பா, நான் வந்துட்டேன். பரீட்சை நல்லா எழுதியிருக்கேன்."

மூடிய கண்ணிலிருந்து ஆவுடையப்பனுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. கண்ணைத் திறந்து தன்னைப் பார்க்கும்படி அவள் சொன்னாள்.

"இரும்மா" என்றார் அவர். "நீ வந்துட்டேன்னு உறுதியானாத்தான் கண்ணைத் திறக்கணும். கண்ணைத் திறந்து பாக்காம அது எப்படி உறுதியாகும்?"

கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார்கள். அவர் தடவித் தடவி வந்து சேர்ந்து, விஷயத்தைக் கேட்டு, தமக்கு முதலிலிருந்தே இந்த உறுத்தல் இருந்ததாகச் சொன்னார். மூடச் சொன்னவர்தான் திறக்கவும் சொல்ல வேண்டும், ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுவருவதுதான் முறை என்றார். கண் மூடியவர் எப்படிப் போவது என்ற கேள்விக்கு, மகள்தான் நன்றாக ஓட்டுகிறாளே என்று பதில் வந்தது. வாதாடிப் பயனில்லை என்று செண்பகத்துக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினாள். பிள்ளை மறுபடியும் வண்டியில் போகிறாள் என்பதால், சலித்துப் போய்த் திறக்க இருந்த ஒன்றிரண்டு பேரும் கண்ணை இறுக்கிக்கொண்டார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். இந்தத் தடவை மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்து, ஆவுடையப்பனின் தோளில் கை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"ஐயா, நான்தான் சொல்றேன். இப்பவே கண்ணைத் திறங்க."

"திறந்துருதேன் ஐயா" என்றார் ஆவுடையப்பன், கண்ணைத் திறக்காமலே. "பிள்ளை இன்னும் வண்டியில வீட்டுக்குத் திரும்பணும்லா. அவ போய்ச் சேரட்டும்."

இன்ஸ்பெக்டர் செண்பகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.